எட்டாம் வாய்ப்பாட்டின் ராகம்

எனக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும். பத்தாம் வாய்ப்பாடு யாருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நான்கும் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது. கட்டிக்கொண்ட புருஷனிடம்கூட இன்றுவரை இதைச் சொன்னதில்லை.

பெரிய கதை ஒன்றும் இல்லை. ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு நடுவில் அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டார். வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது மலாய்ப்பள்ளி. என்னை அதில் சேர்த்தார்கள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வாய்ப்பாட்டை முடித்து ஆறைத் தொடங்க இருந்த நேரத்தில் நாங்கள் மூட்டை கட்டினோம். புதுப் பள்ளியில் அவர்கள் ஒன்பதையே முடித்துவிட்டு வகுத்தலுக்குப் போயிருந்தார்கள்.

அங்கே வாய்ப்பாட்டுக்குப் பெயர் சிஃபிர். காலையில் வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் அதைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது மலாய் அரைகுறை. நானும் எழுந்து நின்றேன், வாயை அசைத்தேன். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும்போது ஒரு குரல் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கொஞ்ச நாளில் எனக்கு ராகம் பிடிபட்டுவிட்டது. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்த இடத்தில் எல்லாரும் மூச்சு வாங்குவார்கள் என்று அத்தனையும் தெரியும். எண்கள் மட்டும் வரவில்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போன வருடம் கணிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்பே தடுமாறியது. நல்லதாகப் போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அதற்காக நான் ஒன்றும் தெரியாத மக்கு இல்லை. ஆறெட்டு வேண்டுமென்றால் ஐயெட்டு நாற்பதில் இன்னொரு எட்டைச் சேர்த்துக்கொள்வேன். விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே போனால் எதுவும் வரும். யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாராவது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் பதினாறுக்கு மேல் எதுவும் ஓடாது. இப்போது நானே ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவுக்குத் தலைவி. எத்தனை பெட்டி என்று மேலாளர் கேட்டால், "கணினியில பாத்துட்டு சொல்றேன் சார்" என்பேன். பொறுப்பான பெண் என்று எனக்கு நல்ல பெயர்.

என் மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிவிடுவார், திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆக, வீட்டுப்பாடம் என் தலையில். போன வருடம் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பாட்டுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கட்டுரைக்குப் படம் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

இந்த வருடம் வகுப்பாசிரியை ஒரு ஏற்பாடு செய்தார். பெற்றோருக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு புலனக் குழு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வாய்ப்பாடு. பிள்ளை வீட்டில் மனப்பாடம் செய்ய வேண்டும், அம்மாவோ அப்பாவோ கேட்டுச் சரிபார்க்க வேண்டும், சரியாக இருந்தால் பிள்ளையின் குரலைப் பதிவு செய்து குழுவில் போட வேண்டும். சொல்லி வாய்மூடவில்லை, ஒரு வங்கியில் வேலை செய்யும் அம்மா எழுதிவிட்டார். அவருடைய மகனும் என் மகள் வகுப்புதான். "இந்தக் காலத்துல எதுக்கு டீச்சர் மனப்பாடம்? எல்லார் கையிலயும் கால்குலேட்டர் இருக்கு. புரிஞ்சா போதும்லா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இறங்கும் இடம் வருவதற்குள் ஒரு பத்தி எழுதி அனுப்பிவிட்டேன். "நாங்கல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் வளர்ந்தோம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எட்டாம் வாய்ப்பாடு சொல்லுவோம். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் ஃபோன் வேணும். நாளைக்கு ஃபோன்ல பேட்டரி இல்லன்னா என்ன பண்ணுவாங்க?" கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. "சரியா சொன்னீங்க சிஸ்டர்" என்று ஒருவர் எழுதினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்கே நான் சொன்னது உண்மை போலத்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதியது பொய், ஆனால் எண்ணம் பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்பேன். அது இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சந்தையில், கூட்டத்தில், வேலை இடத்தில் யாராவது சட்டென்று ஒரு கணக்கைக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு மனுஷி காலமெல்லாம் உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு அது வேண்டாம். இதை அப்படியே எழுதியிருந்தால் யாரும் என்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். நான் எழுதவில்லை.

ஆறும் ஏழும் எப்படியோ கடந்துவிட்டன. பிள்ளை கெட்டிக்காரி, சரியாகவே சொன்னாள். எட்டாம் வாய்ப்பாட்டு வாரம் வந்தது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீங்க புக் பாக்கலையா? பின்னாடி அட்டையில வாய்ப்பாடு போட்டிருக்கு."

"எனக்கு எதுக்குடி புக்? எல்லாம் மண்டையில இருக்கு. நீ சொல்லு."

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். ஆரம்பித்தாள். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு. ராகம் பிசகாமல் போனது. ஐயெட்டு நாற்பது என்ற இடத்தில் நானும் அவளோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஏழெட்டு ஐம்பத்துநாலு, எட்டெட்டு அறுபத்துநாலு. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, அழகாக முடித்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். குழுவில் முதலில் போட்டது நான்தான். கூடவே ஒரு இதயத்தையும் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தால், வங்கிக்காரம்மா எழுதியிருந்தார். "ஏழெட்டு அம்பத்தாறு இல்ல?" பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. அவசர அவசரமாக என் பதிவை அழித்தேன். அழித்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. தப்பைக் கேட்காதவர்களும் இனிமேல் இதைப் பார்ப்பார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாள் முழுக்கப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து மகளைக் கூட்டிவரப் போனேன். பள்ளி வேன் அவளை அங்கேதான் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது சொன்னாள்.

"டீச்சர் இன்னைக்கு என்னை எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாங்க. ஏழெட்டு அம்பத்துநாலு சொன்னேன். தப்புன்னாங்க."

"சரி, அப்புறம்?"

"இல்ல டீச்சர், எங்கம்மாவுக்கு வாய்ப்பாடு எல்லாம் தெரியும், அவங்க கேட்டுட்டு சரின்னாங்கன்னு சொன்னேன். டீச்சர் மறுபடியும் தப்புன்னாங்க. நான் மறுபடியும் அம்மா சொன்னாங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." காலுறையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "டீச்சர் போர்டுல எட்டு எட்டா கூட்டிக் காட்டுனாங்க. அம்பத்தாறுதான்மா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. அம்மா ஏதாவது சொல்லுவார், சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்கிற பார்வை. அந்த நேரம் நான் உட்கார்ந்து, "அம்மாவுக்குத் தெரியாதுடி கண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரி. என் வாயில் வந்ததோ வேறு.

"எண்ணெ சத்தத்துல சரியா காதுல விழல. நீ தெளிவா சொல்லிருக்கணும்ல?"

அவள் காலுறையைக் கீழே வைத்துவிட்டு, "சாரிம்மா" என்றாள்.

அந்த சாரியை நான் வாங்கிக்கொண்டேன். என்ன ஜென்மம் நான் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது, அப்பாடா, பிள்ளை நம்பிவிட்டது என்றுதான் தோன்றியது. அன்றைக்கு அவளுக்குப் பிடித்த மைலோவைக் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டுக் கேட்கிற மாதிரி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, எட்டாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். ஆறெட்டு வரை எண்கள் வரும். அதன் பிறகு பழைய ராகம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். வாய் பாட்டுக்குப் போகும், எண்கள் பின்தங்கிவிடும். தமிழில் தொடங்கி மலாயில் தடுமாறி, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் தொழிற்சாலை வாசலில் இறங்குவேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் படிப்பதை என்னால் முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒன்பதாம் வாய்ப்பாட்டு வாரம் வந்தது. இந்த முறை நான் அடுப்படியில் நிற்கவில்லை. கூடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மகளை எதிரே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால், சத்தம் என்கிற சாக்கும் போய்விட்டதே என்று அவள் வாயைத் திறக்கும்போதுதான் உறைத்தது. புத்தகம் மேசை மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்துப் பிரித்தால் போதும். எடுத்தால் அன்றைக்குச் சொன்ன பெருமை என்னாவது? எடுக்கவில்லை.

ஓரொன்பது ஒன்பது என்று தொடங்கினாள். வேகமாகப் போனாள். ஆறொன்பது ஐம்பத்துநாலு. அடுத்து, "ஏழொன்பது அறுபத்தஞ்சு" என்றாள். சொல்லும்போது கொஞ்சம் வேகம் குறைந்தது. கண் என் முகத்தில் இருந்தது.

"ம், மேல சொல்லு" என்றேன்.

அவள் மேலே சொல்லவில்லை. நான் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன், இன்னும் உற்சாகமாக. "நல்லாதானே போகுது, ஏன் நிறுத்திட்ட?"

"அறுபத்துமூணும்மா" என்றாள் மெதுவாக.

அப்புறம் என்ன, எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒரு பிசகு இல்லாமல் பத்து வரை சொல்லி முடித்தாள். பிறகு என் கைத்தொலைபேசியை எடுத்து, "நானே பதிவு பண்ணி அனுப்பிக்கிறேன்மா, நீங்க சமைங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். கத்துவது எனக்குச் சுலபம்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாய்ப்பாடு தெரியாதது ஒரு அவமானம்தான், அது பழகிப்போனது. தப்பான எண்ணுக்குத் தலையாட்டி, மேலே சொல்லு என்று சிரித்தேனே, அதைத்தான் பிள்ளை பார்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு பழைய வாய்ப்பாடுகளையே வாராவாரம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னிடம் ஒப்பித்தாள், ஒப்பிக்காமல் விடவில்லை. ஆனால் எனக்கு முன்னால் வரும் முன்பே அறைக்குள் போய்ப் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துத் தானே சரிபார்த்துக்கொண்டு வந்தாள். நான் தலையாட்டுவேன். அவள் பதிவு செய்வாள். "அம்மா கேட்டாங்களா?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "கேட்டாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டதாக அவளே ஒருநாள் சொன்னாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்னை.

பள்ளித் தவணை முடியும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புப் பெற்றோரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூட்டினார்கள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆசிரியை நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த தவணையும் இந்த மனப்பாடத்தை இப்படியே செய்யலாமா, வேணாமா? சில பேர் வேணாம்ங்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

ஒரு அப்பா, பிள்ளை கணக்கில் தேறியிருக்கிறான், விடக்கூடாது என்றார். ஒரு அம்மா, தன் மகள் வாய்ப்பாட்டு நாளென்றால் காலையிலேயே வயிற்றுவலி என்று அழுகிறாள் என்றார். எட்டை எட்டு முறை கூட்டினால் என்ன வரும் என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டினால் போதாதா என்று இன்னொருவர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. குழுவில் அவ்வளவு எழுதியவள் இங்கே ஊமையாக இருக்கிறாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

வங்கிக்காரம்மா எழுந்தார். நேரில் பார்த்தால் கலகலப்பான ஆள், எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஒண்ணு பண்ணலாமா? நம்ம பெரியவங்க ஆளுக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிப் பாப்போம். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சிரும். எனக்கே ஒம்பதாம் வாய்ப்பாடு பாதியில நின்னுரும், இருந்தாலும் பேங்க்ல வேலை பாக்குறேன்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

விளையாட்டு தொடங்கியது. லாரி ஓட்டும் ஒருவர் ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறேழுக்கு மேல் தெரியாமல் தலையைச் சொறிந்தார். "அலமாக், மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் மகன் சிரித்தான். ஆசிரியை சிரித்தார். அவருடைய மானம் எங்கேயும் போகவில்லை. இன்னொரு அம்மா ஆறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுக் கைதட்டல் வாங்கினார். தெரிந்தவருக்கும் மரியாதை, தெரியாதவருக்கும் மரியாதை. எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு ஜொகூர் முழுக்கத் தேடினாலும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

"நம்ம சிஸ்டர் சொல்லட்டும்" என்றார் வங்கிக்காரம்மா, என்னைக் காட்டி. கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "தூக்கத்துல எழுப்புனாலும் எட்டாம் வாய்ப்பாடு சொல்லுவேன்னாங்களே. இப்ப முழிச்சுத்தான் இருக்காங்க."

மறுபடியும் சிரிப்பு. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு. அதற்கு மேல் மனசுக்குள் ராகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தெரியாது என்றாவது, மறந்துவிட்டது என்றாவது. லாரிக்காரர் சொன்னதைச் சொன்னால்கூடப் போதும்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. என் மகள் எழுந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல டீச்சர்" என்றாள். "நேத்துலேர்ந்து பேசவே முடியல. டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லிருக்காரு."

தடுமாற்றம் இல்லை. கண் கலங்கவில்லை. ஆசிரியையின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். பொய் சொல்வது எப்படி என்று அவளுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்தத் தவணை முழுக்க என் எதிரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"அச்சச்சோ, சொல்லியிருக்கலாமே, உட்காருங்கம்மா" என்றார் ஆசிரியை. வங்கிக்காரம்மா, "சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிங்க சிஸ்டர்" என்றார், நிஜமான அக்கறையோடு. எல்லாரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, பிள்ளை எனக்காகச் சொல்கிறாள், எனக்கு வாய்ப்பாடு தெரியாது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

என் மகள் தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். எல்லாரும் பார்க்க, நான் அதை வாங்கிக் குடித்தேன்.